நான் வெட்டிய நான்கு பேர்

தமிழ்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும், பெரிய நாவலை எப்படிச் சுருக்குவது என்று எழுதித் தரச் சொல்லி எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறீர்கள். அதில் ஒருவர், "டிப்ஸ் மாதிரி பத்துப் பாயின்ட் இருந்தா போதும் மேடம்" என்று வேறு சேர்த்திருக்கிறார். பத்தெல்லாம் என்னிடம் இல்லை, தம்பி. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. பொம்மனஹள்ளி மாடி வீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர் எழுத்தில் கை வைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு கதை. அதில் முட்டாள் நான்தான். ஆனாலும் அதை நினைக்கும்போது இன்றைக்கும் வெட்கத்தைவிட வியப்புதான் முந்திக்கொண்டு வருகிறது. அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

நாவலைச் சுருக்குவது என்றால் வாக்கியங்களைச் சுருக்குவது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வாக்கியங்களைச் சுருக்கி ஐம்பது பக்கம் மிச்சம் பிடிக்கலாம். நானூறு பக்கம் குறைய வேண்டுமென்றால் ஆட்கள்தான் போக வேண்டும். கதாநாயகன் போக மாட்டான், அவனை வைத்துத்தான் கதையே ஓடுகிறது. போகிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், கடைக்காரர்கள், ஒன்றுவிட்ட சித்தப்பாக்கள். இவர்களைப் பிடிக்க நான் ஒரு முறை வைத்திருந்தேன். அலுவலகத்தில் அதற்கு 'ஆள் பட்டியல்' என்று பெயர். நாவலில் வரும் எல்லோர் பெயரையும் வரிசையாக எழுதுவேன். ஒவ்வொரு பெயரையும் கணினியில் தேடினால் அது எத்தனை இடத்தில் வருகிறது என்று காட்டிவிடும். பத்து இடத்துக்குக் குறைவாக வருகிறவர்களுக்குச் சிவப்புக் கோடு. அவர்கள் செய்த வேலை கதைக்கு வேண்டியதாக இருந்தால், அதை மிச்சமிருக்கும் யார் தலையிலாவது கட்டிவிடுவேன்.

இந்த முறை ரொம்ப நாள் எனக்குக் கைகொடுத்தது. ஒரு தடவை மட்டும் ஒரு குடும்ப நாவலில் எதிர்வீட்டு மாமாவை எடுத்துவிட்டேன். வீட்டுச் சாவி அவரிடம் இருந்தது என்பதை மறந்தே போனேன். ஊருக்குப் போயிருந்த குடும்பம் திரும்பி வந்து, பூட்டிய வீட்டுக்குள் எப்படியோ நுழைந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தது. புத்தகம் வந்த பிறகு ஒரு வாசகர், 'ஓட்டைப் பிரித்து இறங்கினார்களா?' என்று கேட்டு எழுதினார். அலுவலகமே சிரித்தது, நானும் சிரித்தேன். சிரித்ததோடு அதை விட்டிருக்கக் கூடாது.

ஏழுமலை எங்கள் வைட்ஃபீல்ட் அலுவலகத்துக்கு முதன்முதலில் வந்தபோது, வாசலில் இருந்த செக்யூரிட்டி அவரைத் தண்ணீர் கேன் போட வந்தவர் என்று நினைத்துப் பின்பக்க லிஃப்டைக் காட்டிவிட்டார். ஒருவிதத்தில் அவர் தண்ணீர்க்காரர்தான். ஸ்ரீராம்புரத்தில் தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாட்டர்மேன் வேலை. நெஞ்சு உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி, அதன் தலையில் குறுக்கே ஒரு கைப்பிடி. அதை ரோட்டில் உள்ள குழிக்குள் இறக்கித் திருகினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் ஓடும். காலையில் வால்வு, மத்தியானம் எழுத்து என்று பதினோரு வருடம் எழுதி ஒரு நாவலை முடித்திருந்தார். பெயர் 'ஒன்பதாவது கிராஸ்', ஒரு குறுக்குத் தெருவின் கதை. அச்சில் எழுநூற்று எண்பது பக்கம் வரும்.

மூன்று பதிப்பகங்கள் அதைத் தடிமனைப் பார்த்தே திருப்பி அனுப்பியிருந்தன. நாங்கள் அப்போது முதல் நாவல்களுக்கென்று ஒரு வரிசை தொடங்கியிருந்தோம். அதில் புத்தகம் இருபத்திரண்டு ஃபாரத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம், ஆக முந்நூற்று ஐம்பத்திரண்டு பக்கம். பாதிக்கு மேல் போய்விடும் என்று நான் சொன்னபோது ஏழுமலை நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார். "அப்பொ புக்கு வரும் இல்ல மேடம்?" என்றார். வரும் என்றேன். "சரி மேடம்" என்றார். அதன் பிறகு இரண்டு மாதம் நான் எதைக் கேட்டாலும் அவர் சொன்னது அந்த "சரி மேடம்" ஒன்றுதான். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கதை இதுதான். ஒன்பதாவது கிராஸில் பிறந்த தாஸ் என்பவன் வளர்ந்து, வைட்ஃபீல்டில் கம்பெனி கேப் ஓட்டப் போய், ஒரு பெண்ணை விரும்பி, வேலையையும் அவளையும் இழந்து, அம்மா சாகும் நேரத்துக்குத் தெருவுக்குத் திரும்பி வருகிறான். தாஸைச் சுற்றி ஒரு தெரு நிறைய ஆட்கள். என் பட்டியலில் எழுபத்து மூன்று பேர் தேறினார்கள். நாற்பத்தோரு பேருக்குச் சிவப்புக் கோடு போட்டேன்.

அந்த நாற்பத்தோரு பேரில் நான்கு பேரைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ரத்னக்கா என்று ஒருத்தி, தெருமுனைக் கன்னட வீட்டுக் கிழவர் குளியலறையில் விழுந்தபோது வந்து தூக்கிவிடுகிறாள். ஏழு இடம். ஆபா என்று ஒருத்தி, டெய்லர் பாய் வீட்டுப் பெண்ணின் பிரசவத்துக்கு வந்து நிற்கிறாள். ஐந்து இடம். ஆஸ்பத்திரியம்மா என்று ஒருத்தி, பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லையென்றாலும் வரிசையில் முன்னே கொண்டுபோய் விடுகிறாள். எட்டு இடம். கோலார்க்காரி என்று ஒருத்தியைத் தாஸின் அம்மா இரண்டே இரண்டு இடத்தில் திட்டுகிறாள். நான்கு பேருமே பத்துக்குக் கீழே. எனக்கு ஒரு நிமிடத் தயக்கம்கூட வரவில்லை.

கிழவரைத் தூக்கும் வேலையைத் தாஸுக்குக் கொடுத்தேன். பிரசவத்துக்கு வெந்நீர் வைக்கும் வேலையைத் தாஸின் அம்மாவுக்கு. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் வேலையும் தாஸுக்கே. கோலார்க்காரிக்கு வேலையே இல்லை, சும்மா போனாள். பக்கங்கள் மடமடவென்று இறங்கின. முந்நூற்று ஐம்பத்திரண்டு வந்து நின்றபோது எனக்கு நானே ஷொட்டுக் கொடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை கடைசி முறையாக மெய்ப்பைப் படித்தேன். என்னவோ சரியில்லை. தாஸ் ஓடி ஓடி எல்லோருக்கும் நல்லது செய்துகொண்டே இருந்தான். என் கையில் அவன் மகானாகிவிட்டிருந்தான். ஒரு மனிதனாக இருந்தவனை எனக்குப் பிடித்திருந்தது, மகானைப் படிக்க அலுப்பாக இருந்தது. அது ஏன் என்று யோசிக்காமல், முடிவு தட்டையாக இருப்பதுதான் கோளாறு என்று முடிவு கட்டினேன். அம்மா செத்த காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய்விடுகிறார்கள். வெறும் வீட்டில் தாஸ் மட்டும் இருக்கிறான். கதவு திறந்திருக்கிறது. கடைசி வரி இது: 'அந்த அம்மா உள்ளே வந்து உட்கார்ந்தாள்.'

எந்த அம்மா? துக்கம் கேட்க யாரோ ஒருத்தி வருகிறாள், உட்காருகிறாள். இதற்காகவா எழுநூற்று எண்பது பக்கம் எழுதினார்? மெய்ப்பின் ஓரத்தில் என் கருத்தை எழுதிவிட்டு ஏழுமலையைப் போனில் கூப்பிட்டேன்.

"கடைசி வரிய எடுத்துட்டு, கதவு திறந்திருக்கிறதோட முடிச்சிடலாம் ஏழுமலை. அதுவே நல்லா இருக்கும்."

அந்தப் பக்கம் எங்கேயோ தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது.

"மேடம், அத ஒண்ணு மட்டும் வுட்ருங்க."

இரண்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து 'சரி' அல்லாத ஒன்றை அப்போதுதான் கேட்டேன். "ஏன்? கடைசி வரியில போய்ப் புதுசா ஒரு அம்மா வர்றாங்க. படிக்கிறவங்களுக்கு யாருன்னே தெரியாதே."

"புதுசு இல்ல மேடம்."

"அப்ப யாரு?"

"போன்ல சொல்ல வர்ல மேடம். நாளிக்குக் காலைல ஸ்ரீராம்புரம் வர்றீங்களா? எட்டு மணிக்கெல்லாம் தண்ணி வுடுவேன்."

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. சனிக்கிழமை காலை மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, ஸ்ரீராம்புரத்தில் இறங்கினேன். அங்கிருந்து அவர் தெருவுக்குப் பத்து நிமிட நடை. இரண்டு பக்கமும் வீடுகள் நெருக்கியடித்து நின்றன, நடுவில் ஓர் ஆட்டோ போனால் ஆட்கள் வாசற்படியில் ஏறிக்கொள்ள வேண்டும். ஏழுமலை தெருமுனையில் சாவியைக் குழிக்குள் இறக்கிவிட்டு எனக்காகக் காத்திருந்தார். காக்கிச் சட்டை, கைலியை மடித்துக் கட்டியிருந்தார். என் அலுவலகத்தில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்த மனிதரா இவர் என்று இருந்தது. இங்கே அவர் காலை அகட்டி ஊன்றி நின்றார்.

"இந்தத் தெருவுக்குப் பதினாலு சுத்து மேடம்," என்று சொல்லிக்கொண்டே எண்ணித் திருகினார். முதல் வீட்டுக் குழாய் சீறிக்கொண்டு வந்தது. தெருவின் கடைசிக்கு என்னை அழைத்துப் போனார். அங்கேயும் தண்ணீர் ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது. ஒரு பெண் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். "இங்கியே இருங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினார். தெருமுனையில் அவர் குனிந்து சாவியை எதிர்ப்பக்கம் திருகுவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலாக இளைத்து, புஸ்ஸென்று காற்று வந்து நின்றுவிட்டது.

"ஏய் ஏழுமல! இன்னாய்யா வெளாட்டு இது? கொடம் பாதில நிக்குது!" என்று அந்தப் பெண் தெருவே கேட்கக் கத்தினாள்.

"ஸ்வல்ப இரு அக்கா, ஒரு நிமிசம், மேடத்துக்குக் காட்டிக்கினு இருக்கேன்!"

"மேடத்துக்குக் காட்ட எங்கொடம்தான் கெடச்சிதா ஒனக்கு?"

நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு முதல் வீட்டுக்கு நடந்தேன். அங்கே தண்ணீர் முன்போலவே விழுந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"அஞ்சு சுத்துதான் மேடம் கம்மி பண்ணேன்," என்றார் ஏழுமலை, திரும்ப வால்வைத் திறந்துகொண்டே. "கம்மி பண்ணா மொத வூட்டுக்காரனுக்குத் தெரியாது. அவன் டேங்க் ரொம்பிக்கினேதான் இருக்கும். கடைசி வூட்டுக்காரிக்குத்தான் தெரியும். ஆபீசுல மேப்ப வெச்சிப் பாத்தா லைன் எல்லாம் சரியாதான் இருக்கும்."

"சரி. அதுக்கும் அந்தக் கடைசி வரிக்கும் என்ன?"

அவர் சாவியின் கைப்பிடியைப் பார்த்தபடி சொன்னார். "ரத்னக்காவ எடுத்தீங்க. ஆபாவ எடுத்தீங்க. ஆஸ்பத்திரியம்மாவ எடுத்தீங்க. கோலார்க்காரிய எடுத்தீங்க."

"ஆமா. நாலு பேருமே ரொம்பச் சின்ன ஆளுங்க ஏழுமலை. எவ்வளவு தேடினாலும் பத்து இடம் வரல."

"நாலு பேரு இல்ல மேடம். ஒருத்தங்க."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. ஏழுமலை பொறுமையாகச் சொன்னார். "இந்தத் தெருல யாருக்கும் ஒரே பேரு கெடையாது மேடம். ஒவ்வொரு வூட்லயும் ஒரு பேரு. என்னையே எடுத்துக்கோங்க. மொத வூட்ல வாட்டர்மேன், பாய் வூட்ல பானிவாலா, கடைசி வூட்ல ஏழுமல. அவுங்களும் அப்படித்தான். கன்னடக்காரங்களுக்கு ரத்னக்கா. பாய் வூட்டுப் புள்ளைங்களுக்கு அக்கான்னா ஆபா. நம்ம ஆளுங்களுக்கு ஆஸ்பத்திரியம்மா. தாஸோட அம்மாவுக்கு அவுங்கள ஆவாது, அதனால கோலார்க்காரி. கோலார்லருந்து வந்தவங்க அவுங்க."

நான் பக்கத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஏழும் ஐந்தும் எட்டும் இரண்டும் இருபத்திரண்டு. என் சட்டப்படியே பார்த்தாலும் அந்தப் பெண்ணின் மேல் கோடு விழுந்திருக்கக் கூடாது. தாஸையும் அவன் அம்மாவையும் விட்டால் அந்த நாவலில் அதிக இடத்தில் வருகிறவள் அவள்தான். இந்த ஊரில் முப்பது வருடம் இருந்திருக்கிறேன். என் வீட்டுக்குப் பால் போடுகிறவருக்கே மூன்று பெயர் உண்டு. அப்படியிருந்தும் கணினி நான்கு என்று காட்டியதை நம்பினேன்.

"ஏன் ஏழுமலை சொல்லல? நான் கோடு போட்டப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க படிச்சவங்க. தெரிஞ்சுதான் எடுக்கிறீங்கன்னு நெனச்சேன் மேடம்." சாவியைக் குழியிலிருந்து உருவிக்கொண்டே, "வேணாம்னு சொன்னா புக்கே வராதோன்னு பயந்துட்டேன்," என்றார்.

"அந்த அம்மா நெஜமாவே இருக்காங்களா?"

"இருக்காங்க. அதோ அந்தப் பச்சைக் கதவு. இப்ப டூட்டிக்குப் போயிருப்பாங்க. மொத பிரதிய அவுங்களுக்குத்தான் குடுக்கணும்னு வெச்சிருக்கேன். அவுங்களுக்குப் படிக்க வராது, அவுங்க பொண்ணு படிச்சிக் காட்டும். படிச்சிக் காட்டும்போது அவுங்க அதுல எங்கியும் இருக்க மாட்டாங்களே, அத நெனச்சாதான் மேடம் எனக்கு ஒரு மாதிரியா இருந்தது."

அந்தப் பச்சைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்தே எங்கள் பிரிவின் தலைவரைப் போனில் பிடித்தேன். அவர் என்னைவிட இருபது வயது இளையவர், அவசரக்காரர். அச்சு இயந்திரம் திங்கட்கிழமைக்குப் பதிவாகியிருக்கிறது என்று ஒரு பாட்டம் சத்தம் போட்டார். நான் செய்த தப்பை முழுசாகச் சொன்னேன். "வியாழக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன் மேடம். ஆனா பக்கம் ஒண்ணுகூடக் கூடாது. கூடிச்சுன்னா இந்த வரிசையில இது இல்ல," என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் மேலே ஆள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் எழுநூற்று எண்பது பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏற்கெனவே இரண்டு தடவை படித்த நாவல். இந்தத் தடவை அந்தப் பெண்ணை மட்டும் பின்தொடர்ந்து படித்தேன்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் முகம் எப்படி இருக்கும் என்று ஏழுமலை ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை. கன்னட வீட்டில் அவள் கன்னடம் பேசுகிறாள், பாய் வீட்டில் உருது பேசுகிறாள், மற்ற வீடுகளில் தமிழ். எல்லா இடத்திலும் கக்கத்தில் ஒரு பச்சை ஒயர் கூடை இருக்கிறது. நான் அதை இரண்டு தடவையும் கவனிக்காமல் தாண்டியிருக்கிறேன். இன்னொன்று இருந்தது. அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்த இருபத்திரண்டு இடத்தில் தாஸின் அம்மா அவளைத் திட்டும் இரண்டு போக மிச்சம் இருபதில் அவள் ஆளாக வருகிறாள். அந்த இருபதிலும் அவள் நிற்கிறாள். நிலைப்படியில் இடது கையை ஊன்றி நிற்கிறாள். கிழவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு, வாசலுக்கு வந்து நின்றுதான் பேசுகிறாள். பிரசவ வீட்டில் விடியும்வரை நின்றிருக்கிறாள். அவளைக் கூப்பிடாத வீடு அந்தத் தெருவில் இல்லை. உட்காரச் சொன்ன வீடும் இல்லை. ஏன் என்று ஏழுமலை எங்கேயும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, நமக்குத் தெரியாதா என்ன?

அதற்குப் பிறகுதான் கடைசிப் பக்கம். தாஸின் அம்மா போய்விட்டாள். கோலார்க்காரி என்று திட்டிய ஒரே வாயும் மூடிவிட்டது. கதவு திறந்திருக்கிறது. 'அந்த அம்மா உள்ளே வந்து உட்கார்ந்தாள்.'

நான் அழுதுவிட்டேன். முப்பத்தோரு வருடம் கதைகளைப் பிரித்து மேய்ந்த எனக்கு, ஐந்தே சொல்லில் இப்படி ஒன்றைச் செய்ய முடியும் என்று தெரியாமல் இருந்திருக்கிறது. இதற்காகத்தான் அந்த மனிதர் பதினோரு வருடம் அவளை நிற்கவைத்துக்கொண்டே வந்திருக்கிறார். நான் அந்த நிற்றலையெல்லாம் எடுத்துவிட்டு, உட்கார்ந்ததில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை ஏழுமலை விடுப்பு எடுத்துக்கொண்டு வைட்ஃபீல்டுக்கு வந்தார். இந்தத் தடவை நானே கீழே போய் அழைத்து வந்தேன். அந்தப் பெண்ணை முழுதாகத் திரும்பக் கொண்டுவர முப்பத்தாறு பக்கம் வேண்டும். அந்த முப்பத்தாறை வேறு எங்கேயிருந்து எடுப்பது? நான் மறுபடியும் என் பட்டியலை எடுத்தேன். மளிகைக் கடைக்காரர், இஸ்திரி போடும் தம்பதி என்று இன்னும் சில சின்ன ஆட்கள் மிச்சமிருந்தார்கள். ஏழுமலை பட்டியலை மெதுவாக என் பக்கமே தள்ளிவிட்டார்.

"இவுங்கள்ளாம் கடைசி வூட்டுக்காரங்க மேடம். ஒருத்தருக்கு ரெண்டு பக்கம், மூணு பக்கம். அதுலயும் எடுத்தா ஒண்ணுமே வராது. மொத வூட்ல எடுக்கலாம்."

"முதல் வீடுன்னா?"

"தாஸ்."

கத்தையைப் புரட்டித் தாஸின் காதல் அத்தியாயத்தை எடுத்தார். சில்க் போர்டு டிராஃபிக்கில் கேப் நின்றுகொண்டிருக்க, கண்ணாடியில் தான் விரும்பும் பெண்ணைப் பார்த்தபடி தாஸ் தன்னைப் பற்றி நினைத்துக்கொள்ளும் அத்தியாயம். முப்பத்தெட்டுப் பக்கம். நாவலிலேயே இதுதான் அற்புதம் என்று நான் ஓரத்தில் எழுதியிருந்தேன். எழுத்தாளர்கள் உயிரை விட்டாலும் விடுவார்களே தவிர, அப்படிப்பட்ட பக்கங்களை விட மாட்டார்கள். எத்தனையோ பேர் என் மேசையை ஓங்கித் தட்டியிருக்கிறார்கள்.

"இது உங்க நல்ல எழுத்து ஏழுமலை. இதைப் படிச்சுத்தான் நான் நாவலையே எடுத்துக்கிட்டேன்."

"நல்லாதான் இருக்குது மேடம். எழுத ஒரு வருசம் ஆச்சு." அவர் பக்கங்களைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "ஆனா இது இல்லன்னாலும் தாஸ் இருப்பான். கொஞ்சம் எளச்சிப் போவான், அவ்ளோதான். அவுங்க பக்கத்த எடுத்தா அவுங்களே இருக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டு, என் சிவப்புப் பேனாவை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொன்றாகக் குறுக்கே கோடு போட்டார். பக்கத்தை எண்ணிக்கொண்டே போட்டார். நான் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். என் வேலையை என்னைவிட நன்றாகச் செய்யத் தெரிந்த ஒருவரை முதன்முறையாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது. அதைச் சொல்லவும் செய்தேன். அவர் கூச்சப்பட்டுச் சிரித்து, "வால்வு வேலைதான மேடம் இது," என்றார்.

மூன்று நாள் உட்கார்ந்து ஒட்டுப் போட்டோம். மிஞ்சிய இரண்டு பக்கத்தில் தாஸ் கேபில் வந்த பெண்ணைக் காதலித்தான் என்பதற்கு ஒரு பத்தி எழுதிச் சேர்த்தார். கிழவரைத் தூக்கும் வேலை தாஸிடமிருந்து ரத்னக்காவிடம் திரும்பிப் போனது. பிரசவ வீடும் ஆஸ்பத்திரி வரிசையும் அவளிடமே போயின. அதெல்லாம் கையைவிட்டுப் போனதும் தாஸ் மறுபடியும் மனிதனானான். பயந்தவன், கொஞ்சம் சுயநலக்காரன், யாரோ ஒருத்தி நமக்கு இவ்வளவு செய்திருக்கிறாள் என்பதே உறைக்காமல் வளர்ந்தவன். வெள்ளிக்கிழமை எனக்கு ஏன் அலுத்தது என்று அப்போதுதான் விளங்கியது. சின்ன ஆட்களை எடுத்தால் அவர்கள் செய்ததெல்லாம் பெரிய ஆளின் கணக்கில் ஏறிவிடுகிறது. அப்புறம் அவன் நல்லவனாகி நல்லவனாகி ஆளே காணாமல் போகிறான். நீங்கள் கேட்ட பத்துப் பாயின்டில் ஒன்று வேண்டுமென்றால் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை சாயங்காலம் கணினி முந்நூற்று ஐம்பத்திரண்டு என்று காட்டியது. வியாழக்கிழமை அச்சுக்குப் போனது. பின்னால் வந்த ஒரு மதிப்புரையில், கதாநாயகன் இன்னும் அழுத்தமாக வந்திருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். ஏழுமலைக்குப் படித்துக் காட்டினேன். "சரி மேடம்" என்றார். இந்தத் தடவை இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆசிரியர் பிரதிகள் பத்தையும் தபாலில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நானே எடுத்துக்கொண்டு ஒரு மாலையில் ஸ்ரீராம்புரம் போனேன். ஏழுமலையின் வீடு ஒற்றை அறை. அதற்குள் பாதித் தெரு வந்திருந்தது. அன்றைக்குக் குடம் பாதியில் நின்றதற்குக் கத்திய கடைசி வீட்டுப் பெண்கூட, "அன்னிக்கு எங்கொடத்த நிறுத்தினவங்க இவுங்கதான்," என்று எல்லோரிடமும் என்னைக் காட்டினாள். ஐந்து மணிக்கு மேல் வாசலில் ஒரு அசைவு. ஒரே நேரத்தில் மூன்று மொழியில் மூன்று குரல் கேட்டது. "பன்னி ரத்னக்கா," என்று கன்னடத்தில் வரவேற்றது ஒன்று. "ஆபா, ஆவோ ஆவோ," என்று உருதுவில் கூப்பிட்டது இன்னொன்று. "ஆஸ்பத்திரியம்மா வந்துட்டாங்க," என்று யாரோ உள்ளே சொன்னார்கள்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். டூட்டி முடிந்து நேராக வந்திருந்தார், கூடவே கல்லூரியில் படிக்கும் மகள். கக்கத்தில் பச்சை ஒயர் கூடை. நிலைப்படியில் இடது கையை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழுமலை முதல் பிரதியை இரண்டு கையாலும் கொடுத்தார். அவர் வாங்கி, எடை பார்ப்பது போல் ஒருமுறை தூக்கிப் பார்த்து, மகளிடம் நீட்டினார்.

நான் எழுந்து என் நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்தி, "உக்காருங்கம்மா," என்றேன்.

"பரவால்லம்மா. நின்னே பழகிப்போச்சி."

"அதான் மேடம் சொல்றாங்களே, ஒக்காருங்க," என்று ஏழுமலையின் மனைவியும் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே, "இருக்கட்டும், வூட்ல வேல கெடக்குது," என்று நாற்காலியின் முதுகில் இன்னொரு கையை வைத்துக்கொண்டு நின்றார்.

மகள் எல்லோரையும்போல முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டினாள். படித்தவள் நிமிர்ந்தாள். பிறகு அவசரமாக முன்னால் புரட்டி இங்கே ஒரு பக்கம், அங்கே ஒரு பக்கம் என்று பார்த்தாள். பச்சைக் கூடை வரும் இடங்களாக இருக்க வேண்டும். அவள் குரல் உடைந்துபோயிருந்தது.

"அம்மா, இது நீதாம்மா. கடைசில நீ உக்கார்ற."

"நானா?" என்று அந்த அம்மா பெரிதாகச் சிரித்தார். "எங்கடி?"

ஏழுமலை என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "நெஜத்துல இந்தத் தெருல எந்த வூட்லயும் அவுங்க இன்னும் ஒக்காரல மேடம். புக்குலதான் ஒக்கார வெச்சேன்."

அந்த வெள்ளிக்கிழமை மெய்ப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த அம்மா உட்கார்ந்த அந்த ஒரே இடத்துக்கு நேராக, ஓரத்தில், என் கையெழுத்தில் இருக்கிறது: 'இந்த வரி எதற்கு? எடுத்துவிடலாம்.'